வடலூரும் அடையாறும்

தைப்பூசம் வந்துவிட்டால் எங்கள் கம்மாபுரத்திலிருந்து வடலூருக்குப் புறப்படாத வீடுகள் சிலவே. ஞானசபையில் திரைகள் விலகி ஜோதி தோன்றுவதைத் தரிசித்துவிட்டு, சிலர் மேட்டுக்குப்பத்துக்கும் போய் வருவார்கள். 1874-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி இராமலிங்க சுவாமிகள் உட்புகுந்து தாளிட்டுக்கொண்ட அறை அங்கேதான் இருக்கிறது. இது குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் எட்டு வருஷங்கள் கழித்து, 1882-ல், சுவாமிகளைப் பற்றி ஒரு வாக்குமூலம் இங்கிலீஷில் அச்சேறிய கதை பலருக்குத் தெரியாது.

வாக்குமூலம் கொடுத்தவர் சாமானியரல்லர். 1867-ல் திருவருட்பாவைத் திருமுறைகளாக வகுத்து அச்சிட்ட தலைமாணாக்கரும், சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் தமிழ்ப் பண்டிதருமான தொழுவூர் வேலாயுத முதலியார். அதைப் பிரசுரித்தது பிரம்மஞான சபையாரின் 'தியாசபிஸ்ட்' பத்திரிகை. ருஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சிலர் வந்து இதே சகோதரத்துவத்தை உங்களுக்குப் போதிப்பார்கள் என்று சுவாமிகள் முன்கூட்டியே சொன்னதாக அதில் காண்கிறது. உண்மையான மகாத்மாக்கள் வெகுதூரத்தில், வட திசையில் வசிக்கிறார்கள் என்றும் சொன்னாராம்.

சபையை 1875-ல் நியூயார்க்கில் ஸ்தாபித்தவர்களில் பிளாவட்ஸ்கி அம்மையார் ருஷ்யர். கர்னல் ஆல்காட் அமெரிக்கர். இருவரும் 1879-ல் பம்பாயில் வந்து இறங்கினார்கள். வாக்குமூலம் வெளியான வருஷத்திலேயே, டிசம்பர் மாதத்தில், அடையாற்றில் குடியேறினார்கள். பொருத்தம் எவ்வளவு கச்சிதம் பாருங்கள்!

கச்சிதமாயிருப்பதுதான் சங்கடம். பக்தர் இதைத் தீர்க்கதரிசனம் என்பார். பகுத்தறிவாளர் புரட்டு என்று தள்ளிவிடுவார். இரண்டு பேருக்கும் அதற்குமேல் வேலையில்லை. ஐரோப்பாவிலும் வெகுகாலம் இதே நிலைதான். ரஸவாதம், மந்திரம், ஹெர்மீஸ் பெயரால் வழங்கிய பழஞ்சுவடிகள் ஆகிய எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒரு மூலையில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஐஸக் நியூட்டன் எழுதிக் குவித்த ரஸவாதக் குறிப்புகள் 1936-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோதுதான் உலகம் கொஞ்சம் திடுக்கிட்டது. 1964-ல் பிரான்ஸஸ் யேட்ஸ் என்ற ஆங்கில மாது, ஜியோர்டானோ புரூனோவைப் பற்றி எழுதிய நூலில் இந்த மூலைச் சரக்கை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். மறுவருஷம் பாரிஸிலும், 1999-ல் ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலையிலும் மறைஞான சரித்திரத்துக்கென்றே பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. மகாத்மா வந்தாரா என்பதற்குத் தீர்ப்புச் சொல்வது இவர்கள் வேலையன்று. யார் எழுதினார், எப்போது, யாருக்காக, எந்த மொழியில் என்றே கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விகளைக் கொண்டு வாக்குமூலத்தைப் பார்ப்போம். தீர்க்கதரிசனம் ஏட்டில் ஏறியது, சொல்லப்பட்டவர்கள் வந்து மூன்று வருஷங்கள் ஆன பிறகு. அச்சிட்டவர்களும் அவர்களே. ஆகவே முன்னறிவித்தார் என்பதற்கு இது ஒன்றே போதிய சாட்சியாகாது. அதற்காகப் பண்டிதரைப் பொய்யர் என்னவேண்டியதில்லை. குருவை இழந்து எட்டு வருஷம் ஏங்கியிருந்த சிஷ்யருக்குப் பழைய சொற்கள் புதிய அர்த்தத்தோடு கேட்டிருக்கலாம்.

ஆனால் அதே காகிதத்தில் வேறொரு பகுதி இருக்கிறது. சுவாமிகள் நடுத்தர உயரம், மெலிந்த தேகம், நேரான மூக்கு, பெரிய, ஒளி வீசும் கண்கள், முகத்தில் நீங்காத துயரம். இரண்டு மூன்று நாளைக்கொரு முறை சில பிடி சோறு. உடுப்பது இரண்டு வெள்ளைத் துணி. யோகிகளுக்கு வழக்கமில்லாதபடி காலில் பாதரட்சை! பாதரட்சையைக் கற்பனை செய்து பிரம்மஞான சபைக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அந்த வரிகளில் கூடவே இருந்து பார்த்தவரின் கண் தெரிகிறது. என் மனத்துக்கு, ருஷ்யா அமெரிக்காவைவிட அந்தப் பாதரட்சைதான் பெரிய செய்தி.

இதில் நமக்கு ஒரு மானப் பிரச்னையும் உண்டு. அன்னி பெஸன்ட் அம்மையார் நம் சுயாட்சிக்காக உழைத்ததையும், 1917-ல் காங்கிரஸுக்குத் தலைமை வகித்ததையும் மறக்க முடியாது. ஆயினும் அடையாற்றார் சொன்ன வண்ணம் பார்த்தால், வடலூர் வள்ளல் வடதிசை மகாத்மாக்களுக்குக் கட்டியங்கூற வந்தவராகிவிடுகிறார். ரிச்சர்ட் வைஸ் என்பவர் 2019-ல் வெளியிட்ட நூல் வேறு வழி செல்கிறது. சுவாமிகளின் புதுமை மேனாட்டிலிருந்து கடன் வாங்கியதன்று, தமிழ்ச் சைவ மரபின் உள்ளிருந்தே எழுந்தது என்பது அவர் கட்சி. அருட்பாவைத் தமிழில் படித்தால்தானே இது புலப்படும்? 1882-ன் இங்கிலீஷ் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டால் புலப்படாது.

சபாபதி சுவாமிகளின் கதையும் இப்படித்தான். சென்னைப் பக்கத்துத் தமிழ் யோகி. 1880-ல் லாகூரில் அவருடைய ராஜயோக நூல் இங்கிலீஷில் வெளிவந்து, பின்னர் ஜெர்மன் பாஷைக்கும் போயிற்று. இங்கிலீஷ் மாந்திரிகர் அலிஸ்டர் குரோலியும் அதைப் பயன்படுத்திக்கொண்டார். இங்கே மறந்துபோன அவரைக் கீத் கான்டூ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தமிழ் நூல்களையும் தேடிப் படித்து, 2023-ல் ஒரு பெரிய புத்தகமாக எழுதியிருக்கிறார். தாம் ஆகாயமார்க்கமாகக் கைலாசம் சென்று வந்ததாகச் சபாபதி சுவாமிகள் கர்னல் ஆல்காட்டிடம் ஒருமுறை சொன்னாராம். மகாத்மாக்களின் கடிதங்கள் ஆகாயத்திலிருந்து விழுவதை நம்பிய கர்னல், இதை மட்டும் நம்ப மறுத்துவிட்டார்.