எம்.எல்.ஏ-விடம் என்ன கணக்குக் கேட்க வேண்டும்?

பூமி பூஜை, ரிப்பன் வெட்டு, நலத்திட்ட உதவி வழங்கும் விழா... எம்.எல்.ஏ-க்களின் இப்படியான படங்கள் தினமும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. ‘நம் ஊர் ஏரி மதகு என்ன ஆச்சு, உலர்களம் எப்போது வரும்?’ என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் படங்களில் பதில் இருப்பதில்லை.

தொகுதியில் செய்த வேலையை மக்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று எம்.எல்.ஏ-வைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. சிலர் தாங்களாகவே ஆண்டறிக்கை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். மற்றவர்களிடம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன், அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3 கோடி எங்கே போனது?

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் ‘சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி’ உண்டு. ஆண்டுக்கு 2.5 கோடி ரூபாயாக இருந்த இந்த நிதி, 2019-ல் 3 கோடியாக உயர்த்தப்பட்டது. இந்தப் பணம் எம்.எல்.ஏ கையில் கொடுக்கப்படுவதில்லை. எந்த வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரைப்பார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார். நெல் உலர்களம், கொள்முதல் நிலையக் கட்டடம், சிறுபாலம், குடிநீர்த் தொட்டி எனப் பல வேலைகள் இதில் நடக்கின்றன.

உங்கள் தொகுதியில் என்னென்ன பரிந்துரைக்கப்பட்டன, எவை முடிந்தன, எவ்வளவு செலவானது என்ற விவரம் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். எம்.எல்.ஏ அலுவலகத்தில் பட்டியல் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம்-2005 இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

சபையில் என்ன பேசினார்?

பேரவை கூடும் நாள்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அங்கே ஏரி, வாய்க்கால், தடுப்பணை பற்றிக் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தால், பணம் ஒதுக்கவில்லை என்று பொருள். ‘ஆய்வு செய்யப்படும்’ என்றால், திட்ட மதிப்பீடே தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, ‘கேட்டீர்களா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘அமைச்சர் என்ன பதில் சொன்னார், அதன் பிறகு என்ன செய்தீர்கள்?’ என்றும் கேளுங்கள்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எல்லா எம்.எல்.ஏ-க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்டகாலமாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். உங்கள் தொகுதியின் பட்டியலில் எத்தனை கோரிக்கைகள் விவசாயம் சார்ந்தவை, எத்தனை நிறைவேறின என்பதையும் கேட்கலாம்.

துறை தெரிந்து கேளுங்கள்

100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேல் உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. துறை மாறி மனு கொடுத்தால், அது மேசை மேசையாகச் சுற்றுவதற்குள் ஒரு போகம் போய்விடும். ஏரியின் பெயர், ஆயக்கட்டுப் பரப்பு, பழுதான மதகு எது என்ற விவரங்களோடு கொடுத்தால், எம்.எல்.ஏ-வுக்கும் சபையில் பேசுவது எளிது.

எம்.எல்.ஏ கண்டுகொள்ளாவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு செய்கிறது. வரும் முன் ஆட்சியர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வெளியாகும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்னையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்னை, ஒரே துறை. பட்டா, கடன், முதியோர் ஓய்வூதியம், வழக்கில் உள்ள விஷயம் ஆகியவற்றை இந்தக் குழு ஏற்காது.

முதல் வேலையைக் கிராம சபையில் தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை சபை கூடுகிறது. மதகு பழுதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை எம்.எல்.ஏ அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, மாலை போடும் கையில் அந்தத் தாளும் இருக்கட்டும்.