மெலிய வைக்கும் ஊசி: வாந்தியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

உடல் எடையைக் குறைக்க வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. குமட்டினால், வாந்தி வந்தால், மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தமாம். இதை நம்பி, இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்காமல் படுத்துக் கிடப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த வார ஊசியையும் போட்டுக்கொள்கிறார்கள். நம்பிக்கை தவறு. இந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளுடைடு குறித்த ஆய்வுகளில் வயிற்றுத் தொல்லை வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. தொடர்ந்து வாந்தி வந்தால் பெரும்பாலும் அளவை அவசரமாகக் கூட்டியிருப்பார்கள், அல்லது சாப்பாடு பழையபடியே இருக்கும். இரண்டையும் மாற்றலாம்.

சொல்லாமல் இருப்பதற்கு வெட்கமும் ஒரு காரணம். "வாயைக் கட்டத் தெரியாமல் ஊசி போடுகிறார்" என்று பேசுவார்களோ என்று வீட்டாரிடம் மறைக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடமும் மறைக்கிறார்கள். உடல் பருமன் ஒரு நாள்பட்ட நோய். அதற்கு மருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஊசியால் நேரும் பெரிய கேடுகள் பலவும் அந்த மறைப்பில்தான் தொடங்குகின்றன.

சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்வது செமாகுளுடைடு. டிர்செபடைடு அதோடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. இவை மூளைக்குப் பசியடங்கிய உணர்வைத் தருகின்றன. இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதையும் தாமதப்படுத்துகின்றன. இந்தியாவில் டிர்செபடைடு அடங்கிய மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், செமாகுளுடைடு அடங்கிய வெகோவி ஜூனிலும், ஓசெம்பிக் டிசம்பரிலும் விற்பனைக்கு வந்தன. 2026 மார்ச்சில் செமாகுளுடைடுக்கான காப்புரிமை இங்கே முடிந்ததால் உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கும் வழி திறந்தது. விலை இறங்குவது நல்லதுதான். கூடவே, மருத்துவரைப் பார்க்காமலே இதை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் பெருகும் என்பதுதான் என் கவலை.

தொல்லைகள் எவ்வளவு பேருக்கு வரும்? 2021-இல் வெளியான, 1,961 பேர் பங்கேற்ற ஆய்வில் செமாகுளுடைடு எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் வந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களிலும் 17 பேருக்குக் குமட்டியது. வயிற்றுப்போக்கு, வாந்தி, மலச்சிக்கல் ஆகியவையும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதல். ஆனாலும் வயிற்றுத் தொல்லையால் மருந்தையே விட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அங்கே அளவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். தொல்லை என்றால் கேட்க ஆள் இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்திலோ அழகு நிலையத்திலோ வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

அளவில்தான் பாதி விஷயம் இருக்கிறது

எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4-க்குக் கொண்டுபோவார்கள். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கும், அதற்கும் ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். முதல் மாத அளவு உடம்பைப் பழக்குவதற்குத்தான். எடை குறையவில்லையே என்று முதல் மாதத்தில் மனம் சோர்ந்து, தானாக இரண்டு படி தாண்டுகிறவர்கள்தான் மூன்றாம் நாள் வாந்தியோடு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். தொல்லை இருந்தால் அதே படியில் இன்னும் சில வாரம் இருக்கலாம், ஒரு படி கீழேயும் இறங்கலாம். அதை மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. உச்ச அளவை எட்டியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. குறைந்த அளவிலேயே பலன் கிடைத்தால் அங்கேயே நின்றுகொள்ளலாம்.

செமாகுளுடைடின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். முழுக்க வெளியேற ஐந்து முதல் ஏழு வாரம் ஆகலாம். இன்று தொல்லை என்று நாளை நிறுத்தினால் நாளையே அடங்காது. அதனால்தான் கூட்டும்போதே பொறுமை வேண்டும்.

குப்பியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடும் வகையில் இன்னொரு ஆபத்து உண்டு. மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றையும் குழப்பிக்கொள்வது. அமெரிக்காவில் மருந்தைத் தாங்களே கலக்கும் மருந்தகங்கள் தயாரித்த செமாகுளுடைடை இப்படிக் குழப்பி, வேண்டிய அளவைப் போல ஐந்து முதல் இருபது மடங்கு வரை போட்டுக்கொண்டவர்கள் உண்டு என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜூலையில் எச்சரித்தது. முதல் ஊசியை செவிலியர் முன்னிலையில் நீங்களே உறிஞ்சிக் காட்டுங்கள். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். செலவை மிச்சப்படுத்த ஒரே ஊசிப் பேனாவை இரண்டு பேர் பங்கிடுவது வேண்டவே வேண்டாம். ஊசிமுனையை மாற்றினாலும் ரத்தம் வழியாகத் தொற்று பரவும்.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறைந்துபோன மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். சில நாள் வெளியே வைக்கலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருந்தாலும் அது 30 டிகிரிக்குள் என்ற நிபந்தனையோடு. சித்திரை வெயிலில் நம் வீட்டு அறை அதைத் தாண்டிவிடும்.

சாப்பாட்டுத் தட்டில் செய்ய வேண்டியது

இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. பழைய அளவில் நிரப்பினால் அது மேலே வரத்தான் செய்யும். கொழுப்பு வயிற்றில் அதிக நேரம் தங்கும். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, சால்னா, பிரியாணி, பஜ்ஜி என்று இறங்கினால் மறுநாள் காலை வரை நெஞ்சைக் கரிக்கும், அழுகிய முட்டை வாசத்தோடு ஏப்பம் வரும். மூன்று வேளையை ஐந்து சிறு வேளையாக்குங்கள். இரண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சாதம், நீர்மோர் போதும். வயிறு நிறைந்ததாகத் தோன்றிய நொடியில் கையை எடுத்துவிடுங்கள். தட்டில் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். ஊசி போட்டு முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்தாலே பலருக்குப் பாதித் தொல்லை அடங்கிவிடும்.

நம் வீடுகளில் "இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கோ" என்பது அன்பு. ஊசி போடுகிறவரின் தட்டில் அந்த ஒரு கரண்டி வாந்தியாக முடியலாம். வீட்டாருக்கு விஷயம் தெரிந்தால் அந்த வற்புறுத்தல் நின்றுவிடும். மறைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

குறைவாகச் சாப்பிடும்போது புரதம் முதலில் போக வேண்டும். முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர், பனீர் எதுவாகவும் இருக்கலாம். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதமும், வாரத்தில் சில நாள் பளு தூக்கும் பயிற்சியும் அதைத் தடுக்க உதவும். மலச்சிக்கலுக்குக் காய்கறி, கீரை, போதுமான தண்ணீர், தேவைப்பட்டால் இசப்கோல். அப்படியும் சரியாகாவிட்டால் மருத்துவர் வேறு மருந்து தருவார். முடி கொட்டுவதும் வேகமான எடை இழப்பால்தான். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப முளைக்கும்.

வாந்தியும் பேதியும் சேர்ந்தால் ஓஆர்எஸ் கரைசலைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். உடம்பில் நீர் வற்றினால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையோ, சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்றதோ எடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அன்றைக்கே மருத்துவரை அழைத்து, எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று கேளுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வியர்த்துக் கை நடுங்கும், தலை சுற்றும். ஊசி தொடங்கும்போதே அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வழியாக வீட்டுக்கே வருகின்றன. ஊசியோ தனியார் இடத்தில். ஒருவர் தருவது மற்றவருக்குத் தெரியாது. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் ஊசி எழுதும் மருத்துவரின் மேசையில் வையுங்கள்.

பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுக்கு ஓடினால் கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமல் போவது, சிறுநீர் மிகவும் குறைவது, முகமோ தொண்டையோ வீங்குவது ஆகியவற்றுக்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்கினாலும் அப்படியே. செமாகுளுடைடால் பார்வை நரம்பு பாதிப்பு மிக அரிதாக, அதிகபட்சம் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் ஊசி தொடங்கும் முன் விழித்திரையைப் பரிசோதித்துவிடுவது நல்லது.

பெண்களுக்கு ஒரு செய்தி. எடை குறைந்ததும் நின்றுபோன கருமுட்டை வெளியேற்றம் திரும்பலாம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் எதிர்பாராமல் கருத்தரிக்கலாம். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். அதனால் தொடங்கிய பின் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாகுளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால் மயக்க மருத்துவரிடம் ஊசி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்: பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருந்து மூச்சுக்குழலுக்குள் போகலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசியே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை விற்கக் கூடாது. உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் குணமாக்குவதாகப் பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. 'முன்', 'பின்' படம் போட்டு மருந்தின் பெயரையும் சொல்லி ஆள் பிடிக்கும் பதிவைக் கண்டால், அங்கே ஊசி போட்டுக்கொள்ளப் போகாதீர்கள், புகார் செய்யுங்கள்.

போலி மருந்தும் உண்மையான ஆபத்து. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி செமாகுளுடைடு பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. ஆஸ்திரியாவில் 2023-இல் போலி ஓசெம்பிக் போட்டுக்கொண்டு சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. உள்ளே இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் கருதினார்கள். எனவே, தொகுதி எண் போட்ட பில் இல்லாமல் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால், 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, கட்டணம் செலுத்தி நீங்களே அந்த மருந்தை அரசு பகுப்பாய்வாளரின் சோதனைக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். பலருக்கும் தெரியாத உரிமை இது. மாவட்டத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

பக்கவிளைவு வந்தால் அரசுக்குத் தெரிவிக்க மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் உண்டு. யார்மீதும் குற்றம் சாட்டும் படிவம் இல்லை அது. நம் நாட்டு உடம்புகளில் இந்த மருந்து எப்படி நடந்துகொள்கிறது என்பது இப்படித்தான் தெரியவரும்.

பக்கவிளைவு வந்ததாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. முன்நோய்களைக் கேட்காமல், ஆபத்துகளைச் சொல்லாமல், விதி மீறி அளவைக் கூட்டி, தொல்லை என்று அழைத்தபோது கவனிக்காமல் விட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு. கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை. எழுத்தில் கேட்டு, கேட்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பதிவு பெற்ற மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணில் பேசலாம்.

நிறுத்திய பின் என்ன ஆகும் என்பதையும் தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். முன்பு சொன்ன ஆய்வில் மருந்தை நிறுத்தி ஒரு வருடத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 'மூன்று மாதக் கோர்ஸ், நிரந்தரத் தீர்வு' என்று பணம் வாங்கியிருந்தால், அந்த வாக்குறுதியே உங்கள் புகாருக்கு ஆதாரம். சீட்டு, பில், வாட்ஸ்அப் உரையாடல், காலிப் பெட்டி, மிச்சமிருக்கும் பேனா எதையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.