வயலில் பிறந்த ‘இம்ப்ரூவ்’

தஞ்சாவூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் மகளின் வேலை விண்ணப்பத்தில் ‘இம்ப்ரூவ்’ திரும்பத் திரும்ப வருகிறது. ‘என்ஹான்ஸ்’, ‘அமெலியரேட்’ என்று மாற்றச் சொல்கிறது கணினி. மாற்றலாமா?”

கணினி நீட்டும் அந்தப் பட்டியலுக்கு மூதாதை, லண்டன் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட ‘தெசாரஸ்’. நம் நிகண்டுகளைப் போலக் கருத்துவாரியாகச் சொற்களை அடுக்கியவர், பொருள் விளக்கம் எழுதவில்லை. தெரிந்த சொல்லை நினைவுக்கு எடுத்துக் கொடுக்கவே அந்தப் புத்தகம். தெரியாத சொல்லைப் பொறுக்க நாம்தான் பழகிக்கொண்டோம்.

மாறுவதற்கு முன் ஒன்று எப்படி இருந்தது? இந்தச் சொற்கள் பிரிவது அங்கேதான். ‘அமெண்ட்’ என்றால் பிழை இருந்தது. சட்டத்தைத் திருத்துவதற்கு அதனால்தான் அந்தச் சொல். ‘அமெலியரேட்’ என்றால் வறுமையோ வலியோ இருந்தது. ‘என்ஹான்ஸ்’ முன்பே நன்றாக இருப்பதை எடுப்பாக்குவது. வத்தக்குழம்பை இறக்கியதும் அம்மா ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுவார், அதுபோல. அடிப்பிடித்த குழம்பில் எவ்வளவு விட்டாலும் பயனில்லை.

எனக்குப் பிடித்தது ‘இம்ப்ரூவ்’தான். ஆதியில் அதற்கு ‘நல்லதாக்கு’ என்ற பொருளே கிடையாது. ஆதாயத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; நிலத்தில் லாபம் பார்ப்பதற்கு வழங்கியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலத்தை வேலியடைத்துப் பண்ணையாக்கியபோது அதற்கும் இதே பெயர். மாடு மேய்த்தவருக்கு மேய்ச்சல் போயிற்று. நிலக்கிழாருக்கு அது ‘இம்ப்ரூவ்மெண்ட்’. அமெரிக்கச் சொத்துவரிக் கணக்கில் மனைமேல் எழுப்பிய வீடு இன்றும் ‘இம்ப்ரூவ்மெண்ட்’தான். 1896இல் பிளேக் பரவிய பம்பாயில், 1898இல் அமைந்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் நெரிசலான குடியிருப்புகளை இடித்துச் சாலை போட்டது. சென்னை சி.ஐ.டி. நகரின் நடு எழுத்தும் இதே சொல்: சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்.

ஒரே சொல் இருமுறை வந்தால் குற்றம் என்று பள்ளியில் கற்பிப்பதை நிறுத்த வேண்டும். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் ‘நோயாளியின் உடல்நிலை என்ஹான்ஸ் ஆனது’ என்று எழுதுகிறார்கள். பொருந்திய சொல் மூன்று முறை வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அம்மா, உங்கள் மகளின் விண்ணப்பத்தில் ‘இம்ப்ரூவ்’ அப்படியே இருக்கட்டும். வாடிக்கையாளர் புகார்களைக் குறைத்திருந்தால், எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைத்தார் என்பதைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.