உற்றறிவும் உறவும்

ஐம்புலன்களுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது ஊறு. உயிர்களை அறிவின் அளவால் வகுக்கப் புகுந்த தொல்காப்பியர், மரபியலில் ஓரறிவுயிர்க்கு உரியதாகக் கூறியது இதனையே. ஏனைய அறிவுகள் இதன்மேல் ஒவ்வொன்றாக ஏறுகின்றன என்பது அவர் கண்ட முறை. மெய்யால் உற்று அறிதலின் இது உற்றறிவு எனப்பட்டது. உறவு, உற்றார் என்னும் சொற்களும் ‘உறு’ என்னும் அதே அடியிற் பிறந்தனவே. தொடுதலுக்கும் சுற்றத்துக்கும் ஒரே வேர் கண்டது நம் மொழி. இவ்வொற்றுமைக்கு உடலியலிலும் ஓர் அடிப்படை உண்டென்பதை அண்மைக்கால விஞ்ஞானம் காட்டுகின்றது. அதனைச் சுருங்க விளக்கி, யாழ்ப்பாணத்து வாழ்வோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோல் நம் உடலின் மிகப் பரந்த உறுப்பு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் அது ஏறத்தாழ 2 சதுர மீற்றர் பரப்பினதாகும். கருவிலே முதலில் விழிப்பதும் தொடுபுலனே. கண்ணும் செவியும் தொழிற்படுமுன், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில், உதட்டின் அயலிலே தொட்டாற் கரு அசைகின்றது. தோலின்மீது படும் அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் ‘பியெசோ’ என்னும் புரதங்களை 2010 இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன், 2021 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தொடுகைச் செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பு நார்கள் இருவகைப்படும். ஒருவகை, செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் விரைவில் செய்தியைச் செலுத்துவது. கையிற் கிடைத்தது கல்லோ காசோ, வழுவழுப்பானதோ சொரசொரப்பானதோ என்று அறிவிப்பது இதுவே. மற்றையது செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றரே செல்வது. இதனைச் சுவீடன் தேசத்து அறிஞர் சொற்றர்மான் 1939 இல் பூனையின் தோலிலே கண்டார். மனிதரிடத்தும் இஃது உண்டென்பது 1980 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்தே தெளிவாயிற்று. உரோமமுள்ள தோலிற் பரந்து கிடக்கும் இந்நார்கள் உள்ளங்கையில் மிக அரியன.

ஒருவர் தாமாக அறியவேண்டியவற்றுக்கு விரைநார் போதும். அவ்வாறிருக்க, இத்துணை மந்தமான நார் எதற்கு? 2009 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. செக்கனுக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான வேகத்தில் மெல்ல வருடும்போதே இந்நார்கள் மிகுதியாகத் தொழிற்படுகின்றன. வருடப்பட்டோர் இனிது எனக் கூறியதும் அவ்வேகத்தையே. பிள்ளையைத் தடவும் தாயின் கை, எவரும் கற்பியாமலே, இவ்வேகத்தில் அமைகின்றமை பின்னர்ப் புலனாயிற்று. நோயினால் விரைநார்களை இழந்த பெண்மணி ஒருவரின் முன்கையை மெல்ல வருடியபோது, அவர் மங்கலானதோர் இனிமையை உணர்ந்ததையும், மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதி தொழிற்பட்டதையும் 2002 இல் அறிஞர் பதிவு செய்தனர். எனவே ஒரு நரம்பு ‘இது யாது’ என வினவ, மற்றையது ‘இங்கு எனக்கு யார் உளர்’ என வினவுகின்றது எனலாம்.

இவ்வினாவுக்கு விடை கிடையாத குழவியின் நிலை யாது? 1958 இல் ஹரி ஹார்லோ என்னும் அமெரிக்க உளவியலார், தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளின் முன் இரு பொம்மைத் தாய்களை வைத்தார். கம்பியாலானது பால் தந்தது. துணி போர்த்தது ஒன்றும் தரவில்லை. குட்டிகள் பாலுண்ட பின்னர்த் துணித்தாயையே பற்றிக் கிடந்தன. இப்பரிசோதனையின் கொடுமை பிற்காலத்தே கண்டிக்கப்பட்டது. எனினும் அன்பு பாலின்வழி மட்டுமே வருவது என்னும் கொள்கை அதனால் வீழ்ந்தது. 1986 இல் அமெரிக்காவில், குறைமாதத்திற் பிறந்த சிசுக்களை நாடோறும் மூன்று முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம் வருடி வந்தனர். அவை ஏனைய சிசுக்களைவிட 47 சதவீதம் கூடுதலாக நாளாந்த எடைப்பெருக்கம் பெற்றன. சிசுவைத் தாயின் மார்போடு தோலுறச் சேர்த்து வைக்கும் முறை 1970 ஆம் ஆண்டுகளின் இறுதியிற் கொலம்பியாவிற் தோன்றியது. பிறந்தவுடனேயே அதனைத் தொடங்கினால் எடை குறைந்த சிசுக்களின் மரணம் நான்கிலொரு பங்கு குறைகின்றதென, இந்தியாவும் ஆபிரிக்க நாடுகள் நான்கும் பங்குகொண்ட ஆய்வு 2021 இல் நிறுவியது.

நம் வீடுகளில் ஆச்சிமார் முற்றத்திலே கால்நீட்டி இருந்து, கால்களின்மேற் பேரப்பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் பூசி, கைகால் நீவிக் குளிப்பாட்டுவர். நரம்பு நார்களைப் பற்றி அவர் அறியார். ஆயினும் பிள்ளையின் உடல் தீண்டுதலில் வரும் இன்பத்தை வள்ளுவர் பேசியதன் பொருளை அவர்தம் கைகள் அறிந்திருந்தன.

தொடுகையின் தேவை குழவிப்பருவத்தோடு ஒழிவதன்று. 2006 இல் நடந்த ஓர் ஆய்வில், மின்னதிர்ச்சியை எதிர்நோக்கிய மணமான பெண்கள் கணவரின் கையைப் பற்றியிருந்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதிகள் அடங்கின. அந்நியரின் கை அவ்வளவு பயன் தரவில்லை. செத்தவீட்டிலே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழும் நம் வழக்கை அநாகரிகம் எனச் சிலர் கருதுவர். துயரின் பாரத்தை உடலோடு உடல் சேர்த்துப் பகிரும் முறை அது. 2020 இல் கொள்ளைநோய் பரவிய வேளையில் அவ்வாறு தழுவ இயலாது போனோர் அதன் அருமையை உணர்ந்திருப்பர்.

இனி, நாம் நோக்கவேண்டியது இதன் மறுபக்கம். 2017 இல் இலண்டன் ஆய்வாளர், கணினியில் பந்து விளையாட்டொன்றில் பெண்கள் சிலரைச் சேர்த்து, பின்னர் அவர்களுக்குப் பந்து வராதபடி ஒதுக்கினர். ஒதுக்கப்பட்டோர் மனம் புண்பட்டனர். பின்பு மெல்ல வருடப்பட்டோரிடத்து அப்புண் ஓரளவு தணிந்தது; விரைந்து வருடப்பட்டோரிடத்து அவ்வாறு தணியவில்லை. சில நிமிட விளையாட்டில் ஒதுக்கப்படுதலே இவ்வாறு வருத்துமாயின், தலைமுறை தலைமுறையாகத் தொடத்தகாதவர் எனப்பட்டோர் உற்றது எத்துணை! பிள்ளையைத் தழுவுதற்கு வள்ளுவர் ஆண்ட ‘தீண்டு’ என்னும் சொல்லிலிருந்தே ‘தீண்டாமை’யையும் நாம் ஆக்கிக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டோர் கிணற்றடியில், நீர் அள்ளி ஊற்றுவாரை எதிர்நோக்கிக் காத்து நின்றனர். தேநீர்க்கடைகளில் அவர்களுக்கெனத் தனிப் போத்தலும் தகரப்பேணியும் இருந்தன. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய வாலிபர் காங்கிரஸ் இக்கொடுமையை எதிர்த்தது. அதன் அழைப்பின்பேரில் 1927 இல் இங்கு வந்த காந்தியடிகளும் இதனைக் கண்டித்தார். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறியது. எனினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்நுழைய வேண்டிச் சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்தது. 2018 இல் தென்மராட்சி வரணியில் ஒரு கோயிலின் தேரை மண் அள்ளும் இயந்திரம் இழுத்தது. சில சாதியார் வடம் தொடாதிருக்கவே இவ்வாறு செய்தனர் எனப் பலரும் குற்றஞ்சாட்டினர். பல கைகள் ஒருங்கே பற்றுதற்கென முன்னோர் அமைத்தது வடம். கைகளை விலக்கி இரும்பினால் இழுக்கப்படும் தேர் வீதி சுற்றி வரலாம். ஊரை ஒன்றாக்க மாட்டாது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். எல்லாத் தொடுகையும் நன்மை தருவதன்று. விரும்பாதார்மேற் படும் கை, அது மென்மையாயினும், வருத்தத்தையே விளைக்கும். தொடுவோர் யார், எக்கருத்தோடு தொடுகின்றார், தொடப்படுவோர் இசைந்தாரா என்பவற்றையெல்லாம் மூளை ஒருங்கே அளக்கின்றது. ஆசிரியரின் பிரம்பும் தொடுகைதான். தோற்ற மாணவனின் தோளிற் படும் கையும் தொடுகைதான். இரண்டையும் அவன் நெடுங்காலம் மறவான். வேண்டாத தொடுகையை மறுக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் கடமையே. ஆயினும் ஒருவர் தம் உடலைக் காக்கும் பொருட்டு மறுத்தல் வேறு. ஒரு குலத்தையே இழிந்ததெனக் கொண்டு விலக்குதல் வேறு. முன்னையது மானம்; பின்னையது அம்மானத்தைப் பறிப்பது.

உயிரின் முதலறிவு உற்றறிவு. அதனை மறுக்கப்பெற்றோர் இழப்பது இன்பம் ஒன்றனை மட்டுமன்று; ‘நீயும் எமக்கு உற்றாய்’ என உடலுக்கு உரைக்கும் சான்றையே இழக்கின்றனர். சட்டம் கதவுகளைத் திறக்கலாம். கைகளை நீட்டவேண்டியவர் நாமே. கல்லூரியில் ஒரே வாங்கில் தோளோடு தோளுற இருந்து கற்ற மாணவர், ஊருக்குச் சென்ற பின்னரும் அவ்வுறவைப் பேணுவாராயின், இந்நாட்டுத் தேர்களை இழுக்க இயந்திரம் வேண்டா.