தாதியர் தொழில் தோற்றோர் புகலிடமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் இல்லங்கள் சிலவற்றில் இழவு வீட்டின் மௌனம் நிலவுவதைக் காண்கின்றோம். உயிரியற் பிரிவிலே மூன்று பாடங்களிலும் சித்தியெய்திய பிள்ளை, மருத்துவ பீடத்துக்கு வேண்டிய புள்ளி சிறிது குறைந்தமையால், 'தோற்றவள்' எனப் பெயர் பெறுகின்றாள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கற்ற மாணவி ஒருத்தியின் நிலையும் அதுவே. தாதியர் பயிற்சிக்கான விண்ணப்பத்துடன் அவள் என்னிடம் வந்தாள். பின்னாலே தந்தையாரும் வந்தார். "மாஸ்டர், டொக்டராக்க வேண்டுமென்று படிப்பித்த பிள்ளையை நேர்ஸாக அனுப்பவோ?" என்றார். அவர் குரலிற் கோபத்தைவிடத் துயரமே மிகுந்திருந்தது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணிபுரிவோனையும் நான்காம் உறுப்பாக வைத்ததை அவருக்கு நினைவூட்டினேன். 1860 ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக் கல்லூரி தொடங்குவதற்குக் காரணமாயிருந்த புளோரன்ஸ் நைற்றிங்கேலும், செல்வக் குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி இத்தொழிலை ஏற்றவரே. இவற்றைக் கேட்ட தந்தையார் அரைமனத்துடன் இசைந்தார்.

தாதியராவதற்கு இங்கு இரு வழிகள் உள. ஒன்று, அரசாங்கத் தாதியர் கல்லூரியில் மூன்றாண்டுப் பயிற்சி. மற்றையது, யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. பயிற்சி பெற்றுப் பணியிலிருப்போரும் பட்டம் பெறத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் வாய்ப்பளித்து வருகின்றது.

இக்கல்வி எளிதன்று. உடற்கூறு, உடற்றொழில், மருந்தியல், நுண்ணுயிரியல் யாவும் கற்றல் வேண்டும். கணக்கும் வேண்டும். 1000 மில்லிலீற்றர் சேலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாயெனின் நிமிடத்துக்கு எத்தனை துளி? ஏறத்தாழ 42. இதிற் பிழைத்தால் இழப்பது புள்ளியன்று. நோயாளியின் நலமே பாதிக்கப்படும். மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரியா எனப் பார்த்தல் வேண்டுமென்பது இத்தொழிலின் பாலபாடம்.

வெளிநாட்டுப் பரீட்சைகளும் இத்தகைய நிதானத்தையே சோதிக்கின்றன. அமெரிக்காவின் உரிமப் பரீட்சையிற் கணினியானது விடையளிப்பவரின் திறமைக்கேற்ப அடுத்த வினாவைத் தெரிகின்றது. நான்கு நோயாளருள் முதலில் எவரிடம் செல்வீர் என்பது போன்ற வினாக்களுக்கு மனனம் உதவாது.

நம் மாணவி பணியேற்ற சில மாதங்களில், ஓர் இரவுக் கடமையின்போது, குழந்தையொன்றுக்கு எழுதப்பட்ட மருந்தின் அளவு அவளுக்கு ஐயத்தைத் தந்தது. 2.5 என்பதன் புள்ளி மங்கி 25 போலத் தோன்றியது. நேரமோ நள்ளிரவு கடந்து விட்டது. புதியவளாகிய தான் வைத்தியரை எழுப்பினால் ஏச்சு விழுமோ என அஞ்சினாள். ஆயினும் மருந்தைக் கொடாது, அவரை அழைத்துக் கேட்டாள். அவர் அளவைத் திருத்தித் தெளிவாக எழுதிக் கொடுத்துச் சென்றார்.

"ஊசி போடுவதற்கல்ல ஐயா, கேட்பதற்குத்தான் அன்று தைரியம் வேண்டியிருந்தது" என்று அவள் பின்னர் என்னிடம் கூறினாள்.

பெற்றோரே, இத்தொழிலில் இரவு விழிப்பு உண்டு, கால்நோவு உண்டு, நோயாளியின் மரணத்தைக் கண்டபின் அடுத்த கட்டிலுக்குச் செல்லும் கடமையும் உண்டு. இவற்றை மறைத்துப் பிள்ளைகளை அனுப்புதல் தகாது. ஆனால், வேறொன்றும் கிடையாமையால் அனுப்புகின்றோம் என்ற சொல்லை மட்டும் அவர்கள் காதில் விழ விடாதீர்கள். அச்சொல்லோடு செல்பவள் நள்ளிரவில் வைத்தியரை எழுப்பத் துணிவது அரிது.

அண்மையில் அத்தந்தையாரைச் சந்தையிற் கண்டேன். "பிள்ளைக்கு இன்றைக்கு நைற் டியூட்டி, மாஸ்டர்" என்று கூறி, அவளுக்கென வாங்கிய தோடம்பழங்களுடன் விரைந்து சென்றார்.