மூலை முடுக்குகளில் வெள்ளையடித்தல்

மார்கழி பிறந்ததும் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிப்பது நெடுநாள் வழக்கம். நடுச்சுவர் பால்போல் வெளுத்துவிடுகிறது. ஆனால் கதவின் பின்புறம், பரணின் அடிப்பக்கம், மாடக்குழி, சுவரும் கூரையும் கூடுமிடம் ஆகியவற்றை மட்டை எட்டுவதேயில்லை. தேளும் மூட்டைப்பூச்சியும் விரும்பிக் குடியிருப்பதோ அவ்விடங்களில்தான்.

1953-ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. இரத்தம் குடித்த கொசு சுவரில் அமரும் என்பதே அம்முறைக்கு அடிப்படை. மருந்து படாத மூலை எஞ்சினால் கொசுவுக்கு அதுவே புகலிடமாகும். சுண்ணாம்பு பூச்சிமருந்தன்று; எனினும் பூஞ்சணத்தைத் தடுக்கும். இண்டு இடுக்குகளை முதலில் அடைத்துவிட்டால் பூச்சிகளுக்கும் இடமிராது.

ஆகவே மூலையில் தொடங்கிச் சுவருக்கு வருதல் வேண்டும். வழியும் சுண்ணாம்பைப் பின்னர் அடிக்கும் பூச்சு மறைத்துவிடும். ஒட்டடையை நீக்கி, விரிசலைக் கத்திமுனையால் சற்று அகலப்படுத்தித் தூசியைக் கழுவி, ஈரமிருக்கும்போதே அடைக்க வேண்டும். மண்சுவருக்கு மண்ணும், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையுமே பொருந்தும். பழைய சுவரில் வைத்த சிமெண்டு, சுவரோடு சேராமல் நாளடைவில் பெயர்ந்து விழுவதை நாம் பல வீடுகளில் கண்டுள்ளோம்.

நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் போதுமானது. நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுக. அது கொதித்தெழும், குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் தெறித்தால் உடனே நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். 24 மணி நேரம் ஊறியபின் முரட்டுத்துணியில் வடிகட்டுக. இடுக்குகளுக்குத் தேய்ந்த சிறு மட்டையோ, கோலில் கட்டிய துணியோ ஏற்றது. ஒரே தடவை கெட்டியாகப் பூசினால் செதிலாக உரியும். நீர்த்த சுண்ணாம்பை இருமுறை பூசுவதே சிறந்தது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சமயமாதலால் மூலைகளில் ஈரம் தங்கியிருக்கும். அங்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளிக்கும்; சுண்ணாம்பு அதற்கு வழிவிடும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். அங்கன்வாடி, பள்ளிக் கட்டிடங்களில் பூச்சுவேலை சதுர மீட்டரில் அளக்கப்படுகிறது. அக்கணக்கில் மூலையின் பங்கு அற்பம். அதனால் அங்கே கை குறைகிறது. பட்டியலில் கையொப்பமிடுமுன் டார்ச் விளக்குடன் உள்ளே சென்று, கதவைச் சாத்தி அதன் பின்புறத்தைப் பார்ப்பது நன்று. இன்னொன்று: வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பெயிண்டில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டினால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. நனைத்தே தேய்க்கச் செய்க. அது முடிந்து கழுவித் துடைக்கும்வரை குழந்தைகளை வேறிடத்தில் அமர்த்துக.