இரண்டு ரூபாய் நாற்பது காசு கிடார்

பழைய சாமான் எதைப் பார்த்தாலும் அதன் 'புக் வேல்யூ' என்ன என்று மனசு உடனே கணக்குப் போடும். பி.காம். படித்ததால் வந்த வியாதி. மருந்து கிடையாது.

திருச்சியில் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பேஸ் கிடார் இறங்கியபோதும் அதேதான் நடந்தது. 1984-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, விலை 1,600 ரூபாய். வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால், 2024-ல் அதன் மதிப்பு இரண்டு ரூபாய் நாற்பது காசு. ஒரு டீக்குக்கூட ஆகாது ஸார்!

"எடுத்துட்டுப் போப்பா. அந்த எடத்துல குக்கர் பொட்டிய வைக்கணும்" என்றார் சித்தி.

சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கொண்டு போடா. வெறகுக்குக்கூட ஆகாது."

இத்தனைக்கும் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று மெல்லிசைக் குழுவில் பத்து வருஷத்துக்கு மேல் வாசித்தவர். இளையராஜா பாட்டில் பேஸ் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 1990-களில் குழுவுக்கு ஒரு புது கீபோர்டு வந்தது. இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடலாம், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். சித்தப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போனார். கிடார் பரணுக்குப் போனது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. உலகம் முழுக்கப் பரவிய எலெக்ட்ரிக் பேஸ் கிடாரைச் செய்தவரும் நம்ம ஜாதிதான், அதாவது அக்கவுண்ட்ஸ் ஜாதி! கலிபோர்னியாக்காரர் லியோ ஃபெண்டர் கல்லூரியில் படித்தது கணக்கியல். கணக்கெழுதும் வேலை போனதும் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான். அதைக் காரில் ஏற்றினால் ஆளுக்கு இடமில்லை. கழுத்தில் கட்டை எதுவும் கிடையாது, சுருதி பிடிப்பது விரலின் சாமர்த்தியம். ஃபெண்டர் 1951-ல் தோளில் மாட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்து, விரல் வைக்கும் இடங்களில் ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகளைப் பதித்தார். சுருதி துல்லியமாக விழும் என்பதால் பெயர் 'பிரிசிஷன் பேஸ்'. இதில் வேடிக்கை, மனுஷருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது!

சரி, நம்ம கிடாருக்கு வருவோம். முதல் பிரச்னை கழுத்து. நாலு கம்பியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ இழுவிசையில் கழுத்தை முன்னால் வளைக்கும். அதை எதிர்த்து நிற்க உள்ளே 'ட்ரஸ் ராடு' என்ற எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. முப்பது வருஷம் கம்பியைத் தளர்த்தாமல் போட்டு வைத்ததில், ஆபீசில் மார்ச் மாதம் உட்கார்ந்த நம் முதுகு மாதிரி கழுத்து கூன் விழுந்திருந்தது. ஆலன் சாவி போட்டுக் கால் சுற்றுதான் திருக வேண்டும். அப்புறம் ஒரு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். வேகமாகத் திருகினால் ராடு போய்விடும். நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். பொறுமையில் நமக்குத் தனி அனுபவம் உண்டே, இன்க்ரிமெண்டுக்குக் காத்திருந்தவர்கள்தானே!

அடுத்து ஃப்ரெட். 'நிக்கல் சில்வர்' என்பார்கள். நம்ம ஜெர்மன் சில்வர் கும்பாவின் சொந்தக்காரன்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி பெயரில் மட்டும். மெல்லிய ஸ்டீல் உல் வாங்கித் தேய்த்தேன், பளபளத்தது. ஆனால் கிடாரின் பிக்கப்புக்குள்ளே காந்தம் இருக்கிறது என்பதை மறந்துபோனேன். உதிர்ந்த இரும்புத் தூள் முழுக்க அதன் மேல் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டது. செல்லோ டேப்பால் ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. நீங்கள் செய்தால் பிக்கப்பை முதலில் டேப் போட்டு மூடிவிடுங்கள்.

நண்பனின் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் ஈக்கூட்டம் மாதிரி இரைச்சல். பிரிட்ஜுக்கு அடியில் போக வேண்டிய எர்த் ஒயர் அறுந்திருந்தது. ஒரு சால்டரிங், இரைச்சல் அடங்கியது. வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரத்தது, மாற்றினேன்.

பாக்கி, பெயிண்ட். உடம்பு முழுக்க மட்டமான கறுப்பு. அங்கங்கே பொரிந்து, பல்லி முதுகு மாதிரி. பாலக்கரைப் பக்கம் கார் டிங்கரிங் பட்டறையில் ஒரு பெயிண்டர் அண்ணனைப் பிடித்தேன். கிடாருக்குக் கார் பெயிண்டா என்று முகம் சுளிக்க வேண்டாம். 1960 வாக்கில் ஃபெண்டர் கம்பெனியே கார்களுக்கு அடிக்கும் கலர்களைத்தான் கிடாருக்கும் அடித்தது.

"அண்ணே, எப்ப அடிக்கலாம்?"

"மழ விடட்டும் தம்பி. ஈரக் காத்துல லாக்கர் அடிச்சா வெள்ளையா பூத்துரும். நீ அதுக்குள்ள தேச்சுக் கொண்டா. மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தேயி."

மொட்டை மாடி ஷெட்டில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். கறுப்பு போனதும் அடியில் சிவப்பு. கீழடி மாதிரி அடுக்கடுக்காகக் கிளம்பியது. உற்சாகமாகத் தேய்த்துக்கொண்டே போனால், சிவப்பின் மேல் வெள்ளையாக ஏதோ ஒரு கொம்பு. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். 'ன்'. அப்புறம் ஒரு 'னி'. போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் கையால், நிழல் கொடுத்து எழுதிய எழுத்து. குழுவின் பெயர்!

அதற்குள் முதல் எழுத்தில் பாதியை நான் தூளாக்கி ஊதித் தள்ளியிருந்தேன்.

சித்தப்பாவுக்கு போன் செய்தேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. "அப்படியே வை. தொடாத" என்றார். அரை மணியில் டவுன் பஸ் பிடித்து வந்துவிட்டார். முட்டி வலி என்று ரேஷன் கடைக்குக்கூட போகாதவர், மூன்று மாடி ஏறி நின்றார்.

கிடாரை மடியில் வைத்து அந்த எழுத்தை விரலால் தடவினார்.

"கறுப்பு அடிச்சது நான்தான்டா. கடைசிக் கச்சேரி முடிஞ்சு வந்த ராத்திரி. பிரஷ்ஷால ரெண்டு கோட்டு."

நான் அது கடையில் அடித்த பெயிண்ட் என்றே நினைத்திருந்தேன்.

"முழுசா தேச்சுடவா சித்தப்பா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "வேணாம். இருக்கட்டும். இத எழுதினவனுக்கு அஞ்சு ரூவா பாக்கி வேற இருக்கு."

மிச்சக் கறுப்பை அவரே தேய்த்தார். 800 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. நான் அழித்த பாதி எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெயிண்டர் அண்ணன் அந்தப் பாதியைச் சேர்த்து எழுதிவிடட்டுமா என்று கேட்டபோது மட்டும், "இருந்தது இருந்தபடி இருக்கட்டும்ப்பா" என்றார். புது கலர் கிடையாது. பழைய சிவப்பின் மேல் கிளியர் லாக்கர் மட்டும், மெல்லிசாக நான்கு கோட். இரண்டு வாரம் காயவிட்டு, காம்பவுண்ட் போட்டு மெருகு.

கம்பிதான் கடைசி. அமெரிக்காவின் பெரிய பேஸ் வித்வான் ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். சித்தப்பாவின் குழுவில் வேறு வழி. புதுசுக்குக் காசில்லாததால் பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்க வைப்பார்கள். அழுக்கு போனால் ஓசை திரும்பும்.

"என் கொழம்புச் சட்டியில! கல்யாணமாகி மூணாம் மாசம்!" என்றார் சித்தி. நாற்பது வருஷக் கேஸ், இன்னும் தீர்ப்பு வரவில்லை. சட்டிக்குப் பயந்து புதுக் கம்பியே வாங்கினேன்.

செலவுக் கணக்கு: கம்பி 1,800, பெயிண்டர் கூலி 1,500, உப்புத்தாள், காம்பவுண்ட் வகையறா 460, ஒயர், குமிழ் 320. ஆக 4,080 ரூபாய். இரண்டு ரூபாய் நாற்பது காசுச் சொத்துக்கு! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

மாட்டி முடித்ததும் சித்தப்பா தடித்த கம்பியை ஒரே ஒரு தரம் தட்டினார். வினாடிக்கு 41 அதிர்வு. செல்போன் ஸ்பீக்கருக்கு எட்டாத ஓசை. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன. விரல் முதலில் தடுமாறியது, பத்து நிமிஷத்தில் வழி கண்டுபிடித்தது.

"பேஸ் இருக்கறது தெரியக் கூடாதுடா. நின்னுபோனாத்தான் தெரியணும்" என்றார்.

உள்ளே மிக்ஸி நின்றிருந்தது. சித்தி மறுபடி போடவில்லை.

பரணில் இப்போது குக்கர் பெட்டி இருக்கிறது. கிடார் ஈஸி சேருக்குப் பக்கத்தில். என் கணக்கில் இன்னும் ஒரு பாக்கிதான். அந்த ஆர்ட்டிஸ்ட் எங்கே இருக்கிறார் என்று சித்தப்பா தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் ஐந்து ரூபாய் நாணயம் தயார்.